சபாபதியைப் படைத்த சம்பந்த முதலியார்

சோடா உடைத்துக் கொண்டு வரச் சொன்னார் எஜமான். வேலைக்காரன் போனான். பாட்டிலையே உடைத்துவிட்டு வந்து நின்றான்.

இந்தக் காட்சியைத் தமிழ்நாட்டில் அறியாதவர்கள் குறைவு. 1941-ம் ஆண்டு வெளிவந்த "சபாபதி" படத்தில் வருவது அது. படம் பார்த்த தாத்தா பேரனுக்குச் சொன்னார். பேரன் தன் பிள்ளைக்குச் சொன்னான். இன்றும் வீட்டில் யாராவது சொன்னதை அப்படியே செய்து காரியத்தைக் கெடுத்தால், சபாபதியின் ஞாபகம் வருகிறது.

அந்தச் சபாபதியைப் பெற்றெடுத்தவர் ஒரு வக்கீல். பிறகு நீதிபதியாகவும் இருந்தவர். 90-க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். அவர்தான் பம்மல் சம்பந்த முதலியார்.

அவர் மேடைக்காக எழுதிய சின்னஞ்சிறு தமாஷ், முழுநீளப் படமாக எப்படி வளர்ந்தது? நாடகத்தையே வெறுத்த பையன், நாடகத் தந்தை என்று பெயர் வாங்கியது எப்படி?

கூத்து பிடிக்காத பையன்

சென்னைப் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் உள்ளது பம்மல் கிராமம். சம்பந்த முதலியாரின் குடும்பத்துக்கு அதுதான் பூர்வீகம். அதனால் பம்மல் என்ற ஊர்ப் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக் கொண்டது.

தந்தை விஜயரங்க முதலியார். கல்வித் துறையில் இருந்தவர். வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. 1873-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி சம்பந்தம் பிறந்தார்.

சிறு வயதிலேயே ஆங்கில நாடகப் புத்தகங்களைப் படித்தார். ஷேக்ஸ்பியர் மீது அளவற்ற பிரியம். ஆனால் தமிழ் நாடகம் என்றால் அவருக்கு ஆகாது. முகத்தைச் சுளிப்பார்.

காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்து நாடகம் இரவு தொடங்கினால் விடிந்துதான் முடியும். பேச்சு குறைவு, பாட்டு அதிகம். யுத்தத்துக்குப் புறப்படும் ராஜாவும் பாடுவார். செத்து விழுந்தவரும் ரசிகர்கள் கேட்டால் எழுந்து, இன்னொரு முறை பாடிவிட்டு மறுபடி சாவார். நடிகர்களுக்குச் சமூகத்தில் மரியாதை கிடையாது. கூத்தாடி என்றுதான் பெயர். குடியிருக்க வீடு கொடுக்கவும் பலர் தயங்கினார்கள்.

படித்த குடும்பத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சம்பந்தமும் அந்தச் சட்டத்தை மீறாத பிள்ளையாகத்தான் இருந்தார்.

மனத்தை மாற்றிய நாடகம்

1891-ம் ஆண்டு பெல்லாரியிலிருந்து ஒரு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. தெலுங்கு நாடகங்களை நடித்தது. அதன் தலைவர் கிருஷ்ணமாச்சாரியார். அவர் ஒரு வக்கீல்.

சம்பந்தம் அந்த நாடகத்தைப் பார்க்கப் போனார். பார்த்தவர் பிரமித்துப் போனார். மேடையில் நின்றவர்கள் வயிற்றுப் பிழைப்புக்காக வந்தவர்கள் அல்ல. படித்தவர்கள், கௌரவமான உத்தியோகத்தில் இருப்பவர்கள். கலையின் மேல் உள்ள ஆசையால் வேஷம் கட்டியவர்கள்.

தெலுங்கில் முடிவது தமிழில் ஏன் முடியாது? இந்தக் கேள்வி அவர் மனத்தில் விழுந்தது. பிறகு அது அவரைச் சும்மா விடவில்லை.

நண்பர்கள் சிலரைக் கூட்டினார். எல்லாரும் இளைஞர்கள். அவருக்கு வயது 18. 1891 ஜூலை 1-ந் தேதி "சுகுண விலாச சபை" பிறந்தது.

சபையில் நடிப்பவர்களுக்குக் கூலி கிடையாது. அவரவர் வேலையை முடித்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வருவார்கள். இப்படி ஆசைக்கு நடிப்பவர்களைக் கொண்ட சபைகளுக்கு இதுவே தமிழ்நாட்டில் முன்னோடியாக அமைந்தது.

சபை ஆரம்பித்தாயிற்று. நாடகம் வேண்டுமே! நடிக்கத் தகுந்த நாடகம் கைவசம் இல்லை. சம்பந்தமே பேனாவை எடுத்தார். "புஷ்பவல்லி" என்ற நாடகம் 1893-ல் மேடை ஏறியது. பிறகு "லீலாவதி சுலோசனா" வந்தது. அப்புறம் அவர் பேனா ஓயவே இல்லை.

விடிய விடிய வேண்டாம்

சம்பந்த முதலியார் செய்த மாறுதல்கள் இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றும். அன்று அவை பெரிய புரட்சி.

நாடகத்தை உரைநடையில் எழுதினார். மனிதர்கள் பேசுவதைப் போலவே மேடையிலும் பேச வைத்தார். பாட்டைக் குறைத்தார். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்தில் முடித்தார். மறுநாள் வேலைக்குப் போகிறவரும் வந்து பார்த்துவிட்டு, வீடு திரும்பித் தூங்க முடிந்தது.

ஒத்திகை பார்க்காமல் யாரும் மேடை ஏறக் கூடாது. எழுதிய வசனத்தை மாற்றிப் பேசக் கூடாது. ரசிகர்கள் கைதட்டுகிறார்கள் என்பதற்காக நாடகத்தை நிறுத்திவிட்டுத் திரும்பப் பாடக் கூடாது. இவை சபையின் கட்டுப்பாடுகள்.

ஷேக்ஸ்பியரையும் அவர் தமிழுக்கு அழைத்து வந்தார். "ஹாம்லெட்" நாடகம் "அமலாதித்யன்" ஆயிற்று. "வெனிஸ் வர்த்தகன்" கதை "வாணீபுர வணிகன்" ஆயிற்று. "மாக்பெத்" "மகபதி" ஆனான். பெயர், ஊர், பழக்கவழக்கம் எல்லாம் தமிழ்நாட்டுக்கு ஏற்றபடி மாறின. கதை தெரியாதவர்கள் அவற்றை நம் ஊர்க் கதைகள் என்றே நினைத்தார்கள்.

ஒன்றை இன்னொன்றாக மாற்றும் வித்தையை அவர் அப்போதே கற்றுக் கொண்டார் என்று சொல்லலாம். உடையை மட்டும் மாற்றினால் போதாது. உயிர் போகாமல் உடம்பை மாற்ற வேண்டும். பிற்காலத்தில் அவருடைய நாடகங்களைப் படமாக்க வந்தவர்களுக்கும் இதே சோதனைதான் காத்திருந்தது.

கோர்ட்டில் கறுப்பு அங்கி, மேடையில் ராஜ வேஷம்

இதற்கிடையில் அவர் பி.ஏ. தேறினார். பி.எல். தேறினார். வக்கீல் தொழிலை மேற்கொண்டார். பகலில் கோர்ட்டில் கறுப்பு அங்கி. மாலையில் மேடையில் ராஜ வேஷம். இரண்டையும் அவர் ஒன்றுக்கொன்று விரோதமாக நினைக்கவில்லை.

அவரைப் பார்த்து மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் சபையில் சேர்ந்தார்கள். தேசத் தலைவர் சத்தியமூர்த்தி சபை மேடையில் வேஷம் கட்டினார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியான ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் சபையில் நடித்தவரே. இவர்களைக் கூத்தாடி என்று ஏச யாருக்கு வாய் வரும்? நடிகன் என்ற சொல்லுக்கு மெல்ல மெல்ல மரியாதை பிறந்தது.

பெண்கள் மேடை ஏறாத காலம் அது. பெண் வேஷத்தையும் ஆண்களே போட்டார்கள். சம்பந்த முதலியாருக்கு ஜோடியாகப் பல நாடகங்களில் பெண் வேஷம் போட்டவர் ரங்கவடிவேலு. அவர் அத்யந்த நண்பர். மேடையில் மட்டுமல்ல, வாழ்க்கையிலும் இருவரும் பிரியாதவர்கள். அந்த நண்பர் காலமானபோது முதலியார் பாதி உயிர் போனவர் போல ஆனார்.

மனோகரன்

அவருடைய நாடகங்களில் மிகப் புகழ் பெற்றது "மனோகரா". தாயின் சொல்லைத் தட்டாத இளவரசன் கதை. சங்கிலியால் கட்டுண்ட மகன், தாய் கட்டளையிட்டதும் அந்தச் சங்கிலியை அறுத்தெறியும் காட்சி எல்லாரையும் உலுக்கியது. மனோகரன் வேஷத்தில் முதலியாரே நடித்தார்.

பாய்ஸ் கம்பெனிகளும் அந்த நாடகத்தை எடுத்துக் கொண்டன. ஊர் ஊராக நடித்தன. டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக இருந்தபோது அவர்களுக்கு மனோகரா நாடகத்தை முதலியாரே பயிற்றுவித்தார். நடிகனாக வேண்டும் என்று ஆசைப்பட்ட எந்தப் பையனும் மனோகரன் வேஷத்துக்காக ஏங்காமல் இருந்ததில்லை.

இத்தனை சோகமான நாடகத்திலும் அவர் ஒரு பைத்தியக்காரனை வைத்தார். அவன் பெயர் வசந்தன். கண்ணீர் விட்டுக் கொண்டிருக்கும் ஜனங்கள், அவன் வந்தால் சிரித்து விடுவார்கள். சிரிப்பும் அழுகையும் ஒரே வீட்டில் குடியிருப்பவை என்பதை முதலியார் நன்றாக அறிந்திருந்தார்.

ஹாஸ்யத்துக்கென்றே தனியாகவும் எழுதினார். பொய்யே பேசாத அரிச்சந்திரனைத் தலைகீழாகத் திருப்பினார். உண்மையே பேசாத ராஜாவைப் படைத்தார். அந்த நாடகத்துக்குப் பெயர் "சந்திரஹரி". பெயரையும் தலைகீழாக்கி விட்டார்!

சபாபதி பிறந்தான்

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள். சபையின் மேடையில் ஒரு புதிய ஜோடி தோன்றியது. எஜமான் ஒருவர், வேலைக்காரன் ஒருவன். இருவருக்கும் பெயர் சபாபதி.

எஜமான் பணக்கார வீட்டுப் பிள்ளை. நல்ல மனசு. புத்தி மட்டும் கொஞ்சம் மந்தம். வேலைக்காரனோ அவருக்கு மேல் ஒரு படி. சொன்ன சொல்லை அப்படியே செய்வான். சொல்லின் பின்னால் இருக்கும் அர்த்தம் அவன் மண்டையில் ஏறாது. எஜமான் சொல்வதும் தெளிவாக இருக்காது. வேலைக்காரன் புரிந்து கொள்வதும் சரியாக இருக்காது. விளைவு, வீடே அமளி துமளிப்படும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வேலைக்காரனைப் பார்த்து மட்டும் சிரிக்க வைப்பது சுலபம். ஏழையைக் கேலி செய்யும் விகடங்கள் எத்தனையோ உண்டு. முதலியார் அப்படிச் செய்யவில்லை. எஜமானுக்கும் அதே பெயரைச் சூட்டினார். பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அசடு அசடுதான் என்று காட்டினார். வேலைக்காரனைப் பார்த்துச் சிரித்த பணக்காரர், அடுத்த நிமிஷம் தம்மைப் பார்த்தே சிரிக்க வேண்டியதாயிற்று.

ஜனங்களுக்குச் சபாபதி பிடித்துப் போயிற்று. முதலியார் ஒரு பாகத்தோடு நிறுத்தவில்லை. மேலும் மேலும் எழுதினார். எல்லாம் சிறு சிறு பிரகசனங்கள். பேசும் படம் வந்த பிறகு, "சபாபதி முதலியாரும் பேசும் படமும்" என்று ஒன்று எழுதினார். சினிமா தம்மைத் தேடி வருவதற்கு முன், சபாபதியே சினிமாவைத் தேடிப் போய்விட்டான்!

துண்டுத் தமாஷ் முழுப் படமாகுமா?

தமிழில் பேசும் படம் 1931-ல் வந்தது. படம் எடுக்கக் கதை வேண்டும். முதலாளிகள் நாடகங்களைத் தேடினார்கள். முதலியாரின் "காலவ ரிஷி" நாடகம் 1932-லேயே படமாயிற்று. "மனோகரா" 1936-ல் படமாயிற்று. அதில் அவரே ஒரு வேஷம் ஏற்று நடித்தார்.

அந்தக் காலத்துப் படங்களில் ஹாஸ்யம் என்றால் தொடுகறி மாதிரி. புராணக் கதை நடந்து கொண்டிருக்கும். நடுவில் கதைக்குச் சம்பந்தமில்லாமல் இருவர் வந்து அடித்துக் கொள்வார்கள், விழுவார்கள், எழுவார்கள், போய் விடுவார்கள். 1939-ல் "சிரிக்காதே" என்று ஒரு படம் வந்தது. சில சிறிய தமாஷ் படங்களை ஒன்றாகக் கோத்து அதை உருவாக்கினார்கள்.

கோத்தால் மாலையாகும். ஆனால் கதையாகுமா? அதுதான் கஷ்டமான கேள்வி.

கால் மணி நேரம் ஒருவனுடைய அசட்டுத்தனத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். அதையே இரண்டரை மணி நேரம் பார்த்தால் சலித்து விடும். வழுக்கி விழுந்தவனைப் பார்த்து முதல் தடவை சிரிப்போம். பத்தாவது தடவை கொட்டாவி விடுவோம். அவன் யார், அவனுக்கு என்ன ஆகப் போகிறது என்ற கவலை நமக்கு இருந்தால்தான் பதினோராவது தடவையும் அவனைப் பார்ப்போம்.

இந்தச் சோதனை நமக்கு மட்டும் வந்ததல்ல. சார்லி சாப்ளின் சிறு சிறு தமாஷ் படங்களால் உலகப் புகழ் பெற்றார். 1921-ல் "தி கிட்" என்ற நீளப் படத்தை எடுத்தபோது, அநாதைக் குழந்தை ஒன்றைக் கதையில் சேர்த்தார். சிரித்த கண்கள் கலங்கின.

அமெரிக்காவில் வால்ட் டிஸ்னியும் இதே சோதனையைச் சந்தித்தார். அவருடைய மிக்கி எலி, கார்ட்டூன் படத்தில் ஏழு, எட்டு நிமிஷம் குதித்து விளையாடும். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கார்ட்டூனை முழுப் படமாக எடுக்கப் போகிறேன் என்று டிஸ்னி கிளம்பியபோது, ஹாலிவுட்டில் கேலி செய்தார்கள். கோமாளிப் பொம்மையை ஒன்றரை மணி நேரம் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். டிஸ்னி சுமார் 15 லட்சம் டாலர் செலவழித்தார். 1937 டிசம்பரில் "ஸ்நோ ஒயிட்" படம் வெளிவந்தது. ஏழு குள்ளர்களின் சேஷ்டைகளைக் கண்டு சிரித்தவர்கள், ஸ்நோ ஒயிட் விஷ ஆப்பிளைத் தின்று சாய்ந்ததும் அழுதார்கள். கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

தமாஷ் நீள வேண்டுமானால் அதற்குள் ஒரு கதையும் ஒரு கவலையும் இருக்க வேண்டும். இதை 1941-ல் சென்னையிலும் ஒருவர் புரிந்து கொண்டிருந்தார்.

செட்டியாரின் துணிச்சல்

அவர் காரைக்குடி ஏ.வி. மெய்யப்ப செட்டியார். கிராமபோன் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து படத் தொழிலுக்கு வந்தவர். வயது அப்போது 34. அவருடைய கம்பெனியின் பெயர் பிரகதி பிக்சர்ஸ். ஏவி.எம். என்ற பெயர் பிறகு வந்தது.

புராணப் படம் எடுத்தால் கூட்டம் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். சாமி இல்லை, ராஜா இல்லை, வாள் சண்டை இல்லை. இரண்டு அசடுகள்தான் கதாநாயகர்கள். இதை முழுப் படமாக எடுப்பது சூதாட்டம் போன்றது. செட்டியார் துணிந்தார். ஏ.டி. கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து படத்தை டைரக்ட் செய்தார்.

எஜமான் சபாபதியாக டி.ஆர். ராமச்சந்திரன் நடித்தார். ஒல்லியான உடம்பு. பெரிய உருண்டைக் கண்கள். அந்தக் கண்களை அவர் விழித்தாலே போதும், வசனம் வேண்டாம்.

வேலைக்காரன் சபாபதியாக நடித்தவர் காளி என். ரத்னம். "கோவலன்" நாடகத்தில் காளி வேஷம் போட்டு அந்தப் பெயரைப் பெற்றவர். பாய்ஸ் கம்பெனியில் பல பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லிக் கொடுத்த வாத்தியார். எம்.ஜி.ஆரும் அவரிடம் கற்றவரே. அப்படிப்பட்ட வாத்தியார், ஒன்றுமே தெரியாத மண்டூகமாக நடித்தார்!

அவருக்கு ஜோடி சி.டி. ராஜகாந்தம். தமிழ் வாத்தியாராக கே. சாரங்கபாணி. கதாநாயகி பத்மா. லக்ஸ் சோப் விளம்பரத்தில் தோன்றியதால் அவரை "லக்ஸ் சோப்" பத்மா என்றே ஜனங்கள் அழைத்தார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சபாபதியை எழுதியவர் படித்தவர்களின் சபையைச் சேர்ந்தவர். சபாபதியாக நடித்தவர்கள் கம்பெனி நாடகத்தில் சோறு தின்று வளர்ந்தவர்கள். முன்பு இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே பெரிய சுவர் இருந்தது. அந்தச் சுவர் சினிமாவில் இடிந்தது. எழுத்து வக்கீலுடையது. உடம்பு கூத்தாடியுடையது. இரண்டும் சேர்ந்தபோதுதான் சபாபதிக்கு முழு உயிர் வந்தது.

மனைவியே வாத்தியார்

படத்தில் சேர்ந்த கதை எது? பரீட்சைதான்.

எஜமான் சபாபதி பெரிய பையன். இன்னும் பள்ளிக்கூடத்தைத் தாண்டவில்லை. தமிழ் வாத்தியாரைக் கண்டால் நடுக்கம். பாடம் மண்டையில் ஏறாது. வீட்டில் பணம் குறைவில்லை. மார்க்குத்தான் கிடைக்கவில்லை. அப்பாவுக்குக் கோபம்.

அவனுக்குக் கல்யாணம் ஆகிறது. மனைவி சிவகாமு படித்தவள், கெட்டிக்காரி. அவள் தலையில் அடித்துக் கொண்டு உட்காரவில்லை. புருஷனை ஏளனம் செய்யவும் இல்லை. புத்தகத்தை எடுத்து வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். வாத்தியாரிடம் வராத படிப்பு மனைவியிடம் வருகிறது. சபாபதி பரீட்சையில் தேறுகிறான்.

இந்த இடத்தில்தான் துண்டுத் தமாஷ் ஒரு கதையாகிறது. அதுவரை அவன் அசட்டுத்தனத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள், அவன் தேற வேண்டுமே என்று கவலைப்படத் தொடங்குகிறார்கள். பரீட்சைக்குப் பயந்தவர்கள் எந்த வீட்டில் இல்லை?

1941-ல் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. பெண்களில் இன்னும் குறைவு. பெண்ணைப் படிக்க வைத்தால் அடங்க மாட்டாள் என்று பேசிய காலம். அந்தக் காலத்தில் படித்த மனைவி வந்ததால் ஒரு வீடு உருப்பட்டது என்று இந்தப் படம் காட்டியது. பிரசங்கம் செய்யாமல், சிரிக்க வைத்தே காட்டியது.

யுத்தத்தின் நடுவே ஒரு சிரிப்பு

படம் 1941 டிசம்பர் 14-ந் தேதி வெளிவந்தது. அதற்கு ஒரே வாரம் முன்னால், டிசம்பர் 7-ந் தேதி, ஜப்பான் விமானங்கள் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தில் குண்டு போட்டிருந்தன. யுத்தம் ஆசியாவுக்கு வந்துவிட்டது. சில மாதங்களில் சென்னையிலும் குண்டு விழும் என்ற பயம் பரவியது. ஜனங்கள் மூட்டை முடிச்சுடன் வெளியூர்களுக்குக் கிளம்பினார்கள்.

அப்படிப்பட்ட நாளில் "சபாபதி" ஜனங்களைச் சிரிக்க வைத்தது. படம் நன்றாக ஓடியது. செட்டியாரின் துணிச்சல் வீண் போகவில்லை.

அப்போது தர்மபுரி தனி மாவட்டம் அல்ல. சேலம் ஜில்லாவின் ஒரு பகுதி. 1965 அக்டோபர் 2-ந் தேதிதான் அது தனி மாவட்டமாயிற்று. இத்தகைய வட்டாரங்களில் சினிமா என்றால் டூரிங் டாக்கீஸ்தான். பட்டணத்தில் ஓடி முடிந்த படங்கள் கூடாரக் கொட்டகைக்கு வரும். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து கொண்டு ஜனங்கள் படம் பார்ப்பார்கள்.

புராணப் படத்தில் வரும் வடமொழிச் சொற்கள் பலருக்குப் புரியாது. அசடு செய்யும் காரியம் யாருக்குப் புரியாது? வேலைக்காரன் சோடா பாட்டிலை உடைப்பதைப் பார்த்துச் சிரிக்க எழுத்தறிவு தேவையில்லை. பண்ணையாரும் சிரிக்கலாம், பண்ணையாளும் சிரிக்கலாம். சபாபதி எல்லாருக்கும் சொந்தமானான்.

டி.ஆர். ராமச்சந்திரனுக்கு இந்தப் படம் பெரும் பெயர் வாங்கித் தந்தது. பிறகு "வாழ்க்கை", "அடுத்த வீட்டுப் பெண்" போன்ற படங்களில் அவர் கதாநாயகனாக நடித்தார். முழுநீளச் சிரிப்புப் படம் தமிழிலும் ஓடும் என்ற நம்பிக்கை முதலாளிகளுக்குப் பிறந்தது.

நீதிபதியும் கிழவரும்

"சபாபதி" வெளிவந்தபோது சம்பந்த முதலியாருக்கு வயது 68. அதற்கு வெகு காலம் முன்பே, 1924 முதல் 1928 வரை, சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்று விட்டார். தம் அனுபவங்களை "நாடக மேடை நினைவுகள்" என்று எழுதினார். அந்தக் காலத்து நாடக உலகம் எப்படி இருந்தது என்பதை இன்று நாம் அறிவதற்கு அந்த நூல் பெரிய உதவி. "பேசும்பட அனுபவங்கள்" என்றும் எழுதினார்.

அவருடைய "வேதாள உலகம்" நாடகத்தை 1948-ல் ஏவி.எம். படமாக எடுத்தது. 1954-ல் "மனோகரா" மறுபடியும் படமாயிற்று. சிவாஜி கணேசன் மனோகரனாக நடித்தார். மு. கருணாநிதி வசனம் எழுதினார். வசந்தனாகக் காகா ராதாகிருஷ்ணன் சிரிக்க வைத்தார். கிழவர் 22 வயதில் எழுதிய கதை, அவருடைய 81-வது வயதில் தமிழ்நாட்டைக் கலக்கியது.

1959-ல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. கூத்தாடி என்று ஏசப்பட்ட தொழிலுக்குக் கிடைத்த மரியாதை அது.

1964 செப்டம்பர் 24-ந் தேதி பம்மல் சம்பந்த முதலியார் காலமானார். அவருக்கு வயது 91. ராஜா ராணி நாடகம் பார்க்க மாட்டு வண்டியில் வந்த காலத்தில் பிறந்தவர், வண்ணப் படம் ஓடும் காலத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் தொடங்கிய சுகுண விலாச சபை சென்னை அண்ணா சாலையில் இன்றும் இருக்கிறது. 2002-ல் வந்த கமல்ஹாசன் படத்துக்கு "பம்மல் கே. சம்பந்தம்" என்று பெயர் வைத்தார்கள். அதுவும் சிரிப்புப் படம்தான்.

அமலாதித்யனாக மேடையில் அவர் நின்றதைப் பார்த்தவர்கள் இன்று யாரும் இல்லை. அவருடைய 90 நாடகங்களில் பல, நூல் நிலையங்களின் அலமாரியில் தூங்குகின்றன. விளையாட்டாக எழுதிய சபாபதி மட்டும் தூங்கவில்லை. டெலிவிஷனில் அந்தப் படம் வரும் நாளில், தாத்தாவும் பாட்டியும் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்கிறார்கள். சோடா பாட்டில் உடையும் சத்தம் கேட்கிறது. மூன்று தலைமுறையும் ஒன்றாகச் சிரிக்கிறது.